இங்கிலீசில் சொன்ன சாட்சி

— பெரும்பாறை பஸ் வரும்போது வரட்டும். அந்த வெள்ளைக்காரம்மா எதுக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு? மொதல்ல அதைச் சொல்லுங்க.

— கூட்டத்துல எல்லாருந்தான் அழுதாங்க, ஞானப்பூ. ஆவியானவரோட கிரியை.

— உங்க உபதேசியார் பேச்சை எங்கிட்டப் பேசாதீங்க. நீங்க எந்திரிச்சு இங்கிலீசில என்னமோ சொன்னீங்க. அதுக்கப்புறந்தான் அந்தம்மா ஓடிவந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

— சாட்சி சொன்னேன்.

— நமக்கென்ன சாட்சி இருக்கு?

— அதான். வெள்ளகவி உபதேசியார் பொன்னுவேலுக்குத்தானே இருக்கு. வருசா வருசம் மே மாசம் அமெரிக்காவுல இருந்து இந்த டீம் கொடைக்கானலுக்கு வருது, ரெண்டு வாரம் உள்ளூர் ஊழியக்காரங்களைத் தாங்குறோம்னு. இவன் எந்திரிச்சு, 'கோடாங்கி அடிச்சுக் குறி சொன்னேன், சாராயத்துல கெடந்தேன், ஏசப்பா தூக்கிவிட்டாரு'ம்பான். டீச்சரம்மா அதை இங்கிலீசில சொல்லச் சொல்ல அதுக மூக்கைச் சிந்தும். போன வருசம் வெள்ளகவிக்கு ஒத்தையடிப் பாதையில தகரத்தைத் தலையில சுமந்துக்கிட்டுப் போயி, அவன் கோயிலுக்குக் கூரை போட்டுக் குடுத்தாங்க. அவனுக்குப் பரமண்டல ஜெபம் சொல்லிக் குடுத்தவன் நான்.

— அதுக்கு?

— எனக்கு வயிறு எரியாதா? நம்ம கோயில் கீத்து மக்கிப் போச்சு. பாதிரி அய்யர் வந்து ராப்போசனம் குடுக்கையில அப்பத்து மேலயே மழை சொட்டுது. போன வருசம் நானுந்தான் சொன்னேன். எங்க தாத்தா சிலோன்ல ஹட்டன் தோட்டத்துல இருக்கையிலேயே வேதத்துல சேந்தவரு, நான் கள்ளைத் தொட்டதில்லைன்னேன். முன்வரிசையில ஒருத்தன் கொட்டாவி விட்டான்.

— சரி. இந்த வருசம் என்ன சொன்னீங்க?

— குடிச்சேன்னு சொன்னேன்.

— நீங்களா? இருமல் டானிக்கையே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுல்ல குடிப்பீங்க.

— சிரி, சிரி. குடிச்சேன்னு மட்டும் சொன்னா பொன்னுவேல் பக்கத்துல நிக்க முடியுமா? பொண்டாட்டியை அடிச்சேன்னும் சொன்னேன்.

— என்னையா? பொன்னுவேல் பொண்டாட்டி இருளாயி என் பக்கத்துலதானே உக்காந்திருந்தா.

— நம்மாளுகளுக்கு இங்கிலீசு எங்க தெரியும்? டீச்சரம்மா பிளேன்டீ குடிக்கப் போன நேரமாப் பாத்துத்தான் எந்திரிச்சு, எனக்குத் தெரிஞ்ச தோட்டத்து இங்கிலீசில சொன்னேன்.

— வெக்கமாயில்ல? அந்தாளைப் பாத்து வெந்து வெந்து, கட்டுனவ பேரையும் சேத்து வித்துட்டீங்களே.

— இந்த வருசம் கூரை நமக்குத்தான். டீம் தலைவர் என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டாரு. அப்ப பொன்னுவேல் மூஞ்சியை நீ பாக்கலையே. பாத்திருக்கணும்.

— கூரை கெடக்கட்டும். அந்தம்மா என் வயித்துல கை வச்சு ஜெபம் பண்ணுச்சு. அது எதுக்கு?

— வெரசா எந்திரி, பஸ் சத்தம் கேக்குது.

— ஒரு சத்தமும் கேக்கலை. வயித்துல எதுக்குக் கை வச்சுச்சு?

— வாயில வந்திருச்சு, ஞானப்பூ. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்த மாதிரி என்னை யாரும் பாத்ததே இல்லை. சிலோன்ல இருந்து வரையில கலைஞ்ச நம்ம பிள்ளையைச் சொல்லிட்டேன்.

— என்னன்னு சொன்னீங்க?

— நான் அடிச்சதுல போச்சுன்னு.

— அதையும் சொல்லிட்டீங்க.

— திட்டணும்னா திட்டு. இப்படிப் பாக்காத. பொய்தான், கர்த்தர் சமுகத்துல சொன்ன பொய்தான், எனக்குத் தெரியாதா? தலைமன்னார்ல கப்பல் ஏறையில நீ கால் தடுக்கி விழுந்தே. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? உம்மேல நான் ஒரு நாளும் கை வச்சதில்லை. இது ஊருக்கே தெரியும்.

— நம்மகூட வந்த லெட்சுமி வீட்டு ஆளுக நமக்கு முந்திக் கப்பல் ஏறுறாங்கன்னு அன்னைக்கு உங்களுக்குப் பொறுக்கலை. மூச்சு வாங்குது, செத்த நில்லுங்கன்னேன். ட்ரங்குப் பெட்டியால என் முதுகுல ஒரு இடி இடிச்சீங்க. நீங்க இன்னைக்குச் சொன்னது பொய்யில்லைங்க. தடுக்கி விழுந்தேன்னு பொய் சொன்னவ நான்.