திறந்தே கிடந்த வால்வு

ஹலோ... லொவெல்? ஆர்லீன் பேசுறேன்... ஆமா, பாலைவனத்துலேர்ந்துதான். வந்து பத்தொம்பது நாளாச்சு... நல்லாருக்கோம். ரெண்டு பேரும் நல்லாருக்கோம்... அங்க இன்னும் பனி அள்ளிக்கிட்டிருக்கியா?... சரி... ஒண்ணு கேக்கணும். நாங்க தங்கியிருக்கிற வண்டியில கக்கூஸ் டேங்க் அடைச்சுக்கிச்சு.

...இல்ல, வெளிக்குழாய் நல்லாத்தான் இருக்கு. டேங்க்தான். பெடல மிதிச்சா தண்ணி கோப்பையிலயே நிக்குது... ஆமா, நாத்தம்தான். பழகிடுச்சு.

...டேங்க் வால்வா? தொறந்துதான் இருந்துச்சு... ஆமா. வந்த நாள்லேர்ந்து... தெரியும் லொவெல். மூடி வெச்சு, நெறைஞ்சப்புறம் தொறக்கணும். தொறந்தே கெடந்தா தண்ணி மட்டும் ஓடிடும், மத்ததெல்லாம் மலையாக் குமிஞ்சு காஞ்சிடும்... யாரா? நான்தான்... ஆமா, ஆமா, நான்தான் தொறந்து வெச்சேன்.

...சிரி. நல்லா சிரி... மறக்குமா? நீ ஒரே ஒரு தடவ தொறந்து வெச்சே. அதுக்கு உங்கண்ணன் வெர்னன் ஒம்பது வருஷமா உன்ன மலைராஜான்னு கூப்பிடுறார்... சரி, இனிமே பட்டம் எனக்கு.

...அவர்கிட்டயா? தூங்குறார்... மத்தியானம்தான். தூங்கக் கூடாதா?

...நீ வழியச் சொல்லு. வால்வ மூடிட்டு... ம்... மேலேர்ந்து தண்ணி ரொப்பணும்... பாத்திரம் கழுவுற சோப்பு... ராத்திரி பூரா ஊறணும். அப்புறம்?... ஓட்டணுமா? குலுங்கினாத்தான் கரையுமா... எவ்வளவு தூரம்?

...இல்ல, அவர் ஓட்டமாட்டார். நான் ஓட்டிக்கிறேன்... தெரியும், முப்பத்தஞ்சு அடி வண்டி. மெதுவாத் திருப்பிக்கிறேன்... சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல... அவர எழுப்பச் சொல்லாத... சாவி எங்கிட்டதான் இருக்கு. ஒளிச்சு வெச்சிருக்கேன்.

...

...லொவெல். நான் சொல்றதக் கேளு. அவர் தூங்கல. வெளியில நாற்காலியில உக்காந்திருக்கார்.

...வால்வ நான் தொறக்கல. இன்னிக்குக் காலையில குனிஞ்சு பாத்தப்பதான் எனக்கே தெரியும். பின்னாடியே வந்து நின்னார். அந்த வால்வு பிடியக் காட்டி, இது எதுக்குன்னு கேட்டார்... ஆமா. வெர்னன்தான் கேட்டார்... இல்ல, வெளையாட்டுக்கு இல்ல.

...கெளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார். உங்கண்ணனுக்கு மறதி நோய்.