கால் ஊன்றாமல் ஓர் எட்டு

– திரும்பவும் காலை ஊனிட்டீங்க மாப்ள. அதே வளைவு.

– பாத்தேன் அத்தை.

– நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி ஊனினா மூணாவது தடவையா ஃபெயில். வண்டியை ஸ்டாண்டு போடுங்க. கொஞ்சம் ஆறட்டும். போன தடவை சைன் போர்டும் கேட்டாருன்னீங்களே, அதைப் பாப்போம்.

– கேளுங்க.

– சிவப்பு வட்டம், உள்ள ஹாரன், குறுக்க ஒரு கோடு.

– ஹாரன் அடிக்கக் கூடாது.

– சிவப்பு முக்கோணம், உள்ள ரெண்டு பிள்ளைங்க.

– பக்கத்துல ஸ்கூல். மெதுவாப் போகணும்.

– இதுல உங்களைக் குறை சொல்ல முடியாது. எல்.எல்.ஆர். பரீட்சையில ஒரு கேள்விகூட விடாதவராச்சே. வண்டிதான், மாதாவே... முப்பத்திமூணு வயசு ஆம்பளை.

– இது ஃபெமினாவோட வண்டி அத்தை. அவதான் ஓட்டுவா. நான் பின்னாடி உக்காருவேன்.

– எம்பொண்ணைப் பத்தி எனக்கே சொல்றீங்களா? புத்தூர்ல எங்க தெருவே சிரிச்சுச்சு, அற்புதம் டீச்சர் மக புருஷனை ஏத்திக்கிட்டு வர்றான்னு. தெருமுனையிலயாவது எடத்தை மாத்தி உக்காருங்கடின்னு கெஞ்சுனேன்.

– சொன்னா. வெக்கமா இருந்தா எங்கம்மா கண்ணை மூடிக்கட்டும்னா.

– கொழுப்பு. கடைசியா காய்ச்சல்ல ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் அவதானே ஓட்டுனா.

– அவளுக்கு நூத்திமூணு காய்ச்சல். நான் பின்னாடி உக்காந்திருந்தேன். திரும்பி வர்றப்ப அவ இல்ல.

– குத்திக் காட்டறதுக்குச் சொல்லல மாப்ள.

– தெரியும் அத்தை.

– திங்கக்கிழமை ஜெஸ்லினுக்கு ஸ்கூல் திறக்குது. நாம பேசுனது ஞாபகம் இருக்கில்ல?

– இருக்கு. நாளைக்குப் பாஸானா ஸ்ரீரங்கத்துல என்கூட இருப்பா, நானே வண்டியில கொண்டு விடுவேன். இல்லன்னா உங்க வீட்டுல.

– உங்க பிள்ளையைப் பிடுங்கிக்கறேன்னு நெனைக்காதீங்க. வேன்ல ஏத்துனா காவேரிப் பாலம் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுக்குறா. ஆட்டோன்னாலும் அதே கதை. என் வீட்டுலேர்ந்து ஸ்கூல் நாலு வீடு தள்ளி.

– நியாயம்தான் அத்தை.

– எல்லாத்துக்கும் நியாயம்தான்னே சொல்லுங்க. ஜெஸ்லினும் இல்லாம அந்த வீட்டுல ராத்திரி என்ன பண்ணுவீங்க?

– தெரியல.

– சரி, ஏறுங்க. கோலமாவுல போட்ட கோடு அழியறதுக்குள்ள இன்னொரு எட்டு. மெதுவா. பிரேக்கை விடாதீங்க. வளைவு வருது... ஊனிட்டீங்க.

– ஹேண்டிலை முழுசா ஒடிக்க முடியல அத்தை. கை எட்ட மாட்டேங்குது.

– இறங்காதீங்க. அப்படியே இருங்க. குனிஞ்சு சீட்டைப் பாருங்க.

– என்ன?

– முன்னாடி பாதி சீட்டு சும்மா கிடக்கு. நீங்க பின்னாடி உக்காந்து கையை நீட்டி ஓட்டுறீங்க.

– ஆமா.

– ஏன் மாப்ள?

– இங்கதான் எப்பவும் உக்காருவேன். முன்னாடி அவ இடம்.

– முன்னாடி வாங்க.

– அத்தை...

– எனக்கும் அவ இடம்தான். வாங்க ரெஜிஸ். இன்னும் கொஞ்சம். ஆங், முட்டி ஒட்டுற மாதிரி. இப்ப ஒடிச்சுப் பாருங்க.

– ஒடியுது.

– போங்க. என்னைப் பாக்காதீங்க, கோட்டைப் பாருங்க. அந்த வளைவு... போயிட்டே இருங்க... திரும்புங்க... வந்துருங்க.

– கால் படல அத்தை.

– படல. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

– ரெண்டு மாசமா எனக்குத் தெரியல. இன்னைக்கு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

– இன்னைக்கு இல்ல மாப்ள. முத நாளே கவனிச்சேன். நீங்க ஃபெயிலானா பிள்ளை எங்கிட்டயே இருப்பாளேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.