பச்சை வரியில் நிற்கும் பெயர்

மாலை ஆறே முக்கால். பள்ளிப்பட்டு ரோட்டில் கடைசியாக ஒரு பஸ் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ஆடிக் கிருத்திகை லீவு, ஊரே காவடியோடு மலைமேல்... ஒருவன் மட்டும் வண்டியை முறுக்கிக்கொண்டு காலிக் கல்லூரிக்குப் போகிறான். வேறு யாருமில்லை, நம் தெருக் கிருஷ்ணனின் மைத்துனன் முரளிதரன்தான். இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்தக் கல்லூரியின் நெட்வொர்க் முழுக்க அவன் பொறுப்பு. எந்தக் கட்டிடத்தில் லைன் போனாலும் சர்வர் அறைத் திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். பார்த்தவர் அதைச் சொடுக்க வேண்டும். வரி பச்சையாகும், பக்கத்தில் அவர் பெயர் நிற்கும். யார் வேலை செய்தார்கள் என்று மேலிடம் பார்ப்பது அதைத்தான்.

அவனுக்கு முன் அங்கே இருந்தவன் மணவாளன், அம்மையார்குப்பத்து நெசவு வீட்டுப் பிள்ளை. சட்டையில் எப்போதும் தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனை. சொடுக்கும் முன் தொண்டையைச் செருமுவான்... ம்க்கும், ம்க்கும். பங்குனியில் இதே ரோட்டு வளைவில் லாரி அடித்துச் செத்தான்.

செத்தும் என்ன? துறைத் தலைவி கோமளவல்லி வாயைத் திறந்தால், "மணவாளன் இருந்தா இப்டி ஆவுமா?" அவன் அக்கவுண்டை நீக்கவும் விடவில்லை. "பேராவது இருந்துட்டுப் போவட்டும், முரளி." வீட்டில் மனைவி யோகலட்சுமிகூட ஒருநாள், "பாவங்க, தங்கமான மனுசன்" என்றாள். முரளிக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருப்பவனோடு மல்லுக்கு நிற்கலாம், செத்தவனோடு?

ஒரு வாரமாக இன்னொரு கூத்து. காலையில் வந்து பார்த்தால் ஒரு சிவப்பு வரிகூட மிச்சமில்லை. எல்லாம் பச்சை, எல்லாவற்றிலும் மணவாளன். எவனோ பாஸ்வேர்டைத் திருடி விளையாடுகிறான் என்று நினைத்தான். ஆளில்லாத நாளில் அந்தப் பெயரையே ஒழித்துக்கட்டத்தான் வந்திருக்கிறான்.

அறையில் யூபிஎஸ்ஸின் முனகல் மட்டும். சிவப்பு வரி விழுந்தது... லைப்ரரி. மௌஸுக்குக் கை போனது. காதுக்குப் பின்னால்... ம்க்கும், ம்க்கும். வரி பச்சையானது. மணவாளன். புளித்த கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது.

நீங்களானால் ஓடியிருப்பீர்கள். முரளிக்குப் பயத்தைவிடப் பொறாமை பெரிது.

"செத்தும் நீதான் பேரு வாங்கணுமாடா?"

அந்த அக்கவுண்டைத் தேடிப்பிடித்து நீக்கினான். திரையில் வரி வந்தது. மணவாளன் நீக்கப்பட்டார், நீக்கியவர் முரளிதரன். அப்பாடா என்றிருந்தது.

அதன் கீழே, மெதுவாக, இன்னொரு வரி...

முரளிதரன் நீக்கப்பட்டார், நீக்கியவர் மணவாளன்.

விளக்கு அணைந்தது. சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினான். ஷெட்டில் வண்டி இல்லை. கேட்டில் வாட்ச்மேன் துரைக்கண்ணு, தினமும் சல்யூட் வைக்கிற ஆள், டார்ச்சை முகத்தில் அடித்தார்.

"யாருய்யா நீ? எப்டி உள்ள வந்த?"

"நான்தாங்க, முரளி! என் வண்டி எங்க?"

"முரளி சார் அப்பவே வண்டிய எடுத்துகினு போய்ட்டாரு. கெளம்பு, கெளம்பு."

சங்கிலி கரகரவென்று இழுபட்டது. ரோட்டில் நின்று வீட்டுக்கு போன் போட்டான். யோகலட்சுமி எடுத்தாள்.

"யோகா, நான்தான்..."

"யாருங்க பேசறது? எங்க வூட்டுக்காரரு சாப்ட்டுகினு இருக்காரு. இருங்க, குடுக்கறேன்."

ரிசீவர் கை மாறியது. மறுமுனையில்... ம்க்கும், ம்க்கும்.