பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இருபது ஆண்டு

மேடையில் வீற்றிருக்கும் பேரூராட்சித் துணைத் தலைவர் சுதாகர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, முதல் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்திருக்கும் சுரங்கத் தொழிலாளர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் இந்த ஓய்வுபெற்ற ஆசிரியனின் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைப்பார்களா என்று சிலர் கேட்டார்கள். நம் தலைவர் அன்புக்கரசி அம்மையாருக்கு வேறு எந்த நேரத்தில் வைப்பது? நான்கு முறை நாம் தேர்ந்தெடுத்த அந்தத் தலைவர், இருபது ஆண்டும் ஷிப்ட் பார்த்துத்தானே ஊரை நடத்தினார்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். பதவியேற்ற முதல் மாதம், காலை ஐந்து மணிக்கு டவுன்ஷிப் நுழைவாயில் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து மனு வாங்குவேன் என்றார். "யாரும் வரமாட்டாங்கம்மா" என்றேன். ஒன்பது நாள் யாரும் வரவில்லை. நடைப்பயிற்சிக்குப் போகும் நான் தினமும் கேலி செய்வேன்.

"தலைவரே, இன்னைக்கு எத்தனை மனு?"

"ஒரு நாய் வந்து படுத்துகினு இருந்துச்சு சார். குறை ஒண்ணும் இல்லன்னு போயிடுச்சு."

பத்தாம் நாள், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை பார்த்த அமிர்தம் வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"நிக்க நேரமில்லீங்க, பஸ் வந்துகினு இருக்கு. எங்க தெருவுல கொழா இருக்குது. தண்ணியும் வருது. அது வர்ற ஒம்போது மணிக்கு வூட்ல நாங்கதான் இல்ல."

அவ்வளவுதான் மனு. பஸ் ஏறிவிட்டார்.

அதைக் கேட்டு நான் தலைகுனிந்து நின்றேன். ஏன் தெரியுமா? அமிர்தத்தின் மகள் சண்முகப்பிரியா என் வகுப்பு மாணவி. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். சோம்பேறி என்று சொல்லி வெளியே நிற்க வைத்திருந்தேன். அம்மாவால் தண்ணீர் பிடிக்க முடியாத நாளில் அந்தக் குழந்தை குழாயடியில் நின்றிருக்கிறாள்!

அடுத்த வாரமே, ஷிப்டுக்கு ஷிப்ட் மூன்று வேளை தண்ணீர் திறக்க உத்தரவிட்டார் தலைவர். தண்ணீர் திறந்துவிடும் ஜெயராமன் சண்டைக்கு வந்தார்.

"மூணு வேளையும் வால்வ திருகிகினு இருந்தா நான் எப்பங்க தூங்கறது?"

"உனக்கும் ஷிப்ட் போட்டாச்சு ஜெயராமா. இன்னும் ரெண்டு பேர் வராங்க. போய்த் தூங்கு."

மறுவாரம் முதல் என் வகுப்பில் எல்லா இடமும் நிரம்பியது. முப்பது ஆண்டு பாடம் நடத்திய நான் செய்யாததை ஒரு வால்வின் நேரத்தை மாற்றி அவர் செய்தார். இதுவல்லவா ஆட்சி? இதுவல்லவா வெற்றி?

இனி மனு வாங்குவதை அலுவலக நேரத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. துணைத் தலைவர் அவர்களே, அது வேண்டாம். அந்த பெஞ்ச் காலியாகக் கூடாது. மூன்றாவது வார்டு உறுப்பினர் நாளை அங்கே உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் சண்முகப்பிரியா. ஆம், நான் வெளியே நிற்க வைத்த அதே சண்முகப்பிரியாதான். பக்கத்தில் நோட்டுடன் நான் இருப்பேன்.

நாளைக் காலை ஐந்து மணி. குறை இருப்பவர்கள் வாருங்கள். நிற்க நேரமில்லாதவர்கள் பஸ் ஏறிக்கொண்டே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.