ரெண்டு லீக்குக்கு ஒரு வேட் ஐனார்சன்

ஹலோ... ஆமா, லோர்னாதான். வேட் வீட்ல இல்ல, லைல்... ஐஸ் ஹாக்கி ரிங்க்ல இருக்காரு... பதறாதீங்க, பதறாதீங்க! விளையாடல. ஆட்டத்துக்கு நடுவுல ஐஸைச் சமப்படுத்துற வண்டி இருக்கில்ல, அதை ஓட்டுறாரு. போன திங்கட்கிழமையிலேர்ந்து... ஆமா, நிஜமாத்தான். அந்த வண்டி ஓட்ட உலக ஹாக்கி சம்மேளனத்தோட அனுமதி வேண்டாமாம். நான் விசாரிச்சுட்டேன்... சிரிங்க, சிரிங்க. நீங்க அவரோட ஏஜெண்டு, உங்களுக்குச் சிரிப்பு வரும்.

என்னது?... நல்ல சேதியா?... இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வரேன். உங்க நல்ல சேதியை எல்லாம் ரெண்டு கையாலயும்தான் பிடிக்கணும்...

ம், சொல்லுங்க... ரெண்டு லீக்கும் சமாதானமா? எப்போ?... நேத்தா... ஓ, விருந்து வேறயா. கை குலுக்கினாங்களா. போட்டோ எடுத்துக்கிட்டாங்களா... சரி, சரி. ரொம்ப சந்தோஷம்.

இல்ல லைல், வக்கீல் பாஷை வேணாம். எனக்குப் புரிஞ்சதை நான் சொல்றேன், சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. இவரு கடல் தாண்டிப் போய்க் கிழக்கு லீக்ல ஸ்டால்னிக் டீமுக்கு ரெண்டு வருஷம் ஆடினாரு... ஆமா. மூணாவது வருஷம் போறதும் போகாததும் அவரு இஷ்டம்னு நீங்க சொன்னீங்க... நீங்கதான் சொன்னீங்க! எங்க வீட்டு மேஜையில உட்கார்ந்து, நான் பண்ணின வினார்டெர்ட்டா கேக்கை மூணு துண்டு தின்னுட்டுச் சொன்னீங்க... ஆமா. அதை நம்பி இவரு ஊருக்கு வந்து பைசன்ஸ் டீம்ல சேர்ந்தாரு. மூணாவது வருஷமும் வேட் எங்காளுதான்னு ஸ்டால்னிக் குதிச்சுது. உங்க காகிதம் இங்க செல்லாதுன்னு நம்ம லீக் எகிறுச்சு. சம்மேளனம், ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு முடிக்கிற வரைக்கும் வேட் எங்கயும் ஆடக்கூடாதுன்னுடுச்சு. சரிதானே?... ஆமா, ஆமா. நம்ம ஆட்டத்துல ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா, அந்த ரெண்டு பேரையும்தான் தண்டனைப் பெட்டியில உட்கார வைப்பாங்க. இங்க அவங்களை விட்டுட்டு, அவங்க மட்டையால அடிக்கிற வட்டைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க!

நாலு மாசம், லைல். முப்பத்தி நாலு வயசு அவருக்கு... தெரியுமா? என்ன தெரியும் உங்களுக்கு? எங்க பொண்ணு பிரின்னோட டீம், எல்லாம் ஒன்பது வயசுப் பொண்ணுங்க. அதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு பெஞ்சுக்குப் பின்னால போய் நின்னாரு. தடையில இருக்குற ஆளு அங்க நிக்கக் கூடாதுன்னு கடுதாசி வந்துடுச்சு. இப்போ மேல கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காரு. பிரின் தப்பு பண்ணினா அண்ணாந்து பாக்குறா. இவரு கைச்சாடை காட்டுறதா வேணாமான்னு முழிக்கிறாரு... இல்ல, நான் கத்தல. என் குரலே இப்படித்தான்.

விடுங்க. சமாதானம் ஆயாச்சுன்னா, இவரு இப்போ யார் பக்கம்?... ஒன்பது பேரு சிக்கல்ல இருந்தாங்க, சரி... அஞ்சு பேரு நம்ம லீக்குக்கு, சரி... மூணு பேரு அவங்களுக்கு... அஞ்சும் மூணும் எட்டு, லைல்...

லைல்?... ஹலோ?... காகிதம் புரட்டுற சத்தம் கேக்குது. அந்த ஒன்பதாவது ஆளு எங்க?

வேணாம்னுட்டாங்களா? யாரு, ஸ்டால்னிக்கா?... பைசன்ஸுமா?... அவரு இடத்துல வேற ஆளைப் போட்டுட்டாங்களா. என்ன வயசு அவனுக்கு?... இருபத்தொண்ணு. ம்...

ஏன் லைல், வேணாங்குற ஆளுக்காகவா இத்தனை வக்கீல், இத்தனை விமானம்?... கொள்கைக்காகவா!... ஓஹோ. இவரு தனக்குக் கிடைக்கணும்னு யாருக்கும் இல்ல. அடுத்தவனுக்குக் கிடைச்சுடக் கூடாது, அவ்வளவுதான். அதுக்குப் பேரு கொள்கையா...

இருங்க, இருங்க. கார் சத்தம் கேக்குது. வந்துட்டாரு... வேட், லைல் பேசுறாரு. வழக்கு முடிஞ்சுடுச்சாம்... யாரும் ஜெயிக்கல. ரெண்டு டீமும்... ரெண்டு டீமும் உங்களை விட்டுட்டாங்களாம், வேட்.

...

கேட்டுட்டாரு, லைல். பூட்ஸைக்கூடக் கழட்டாம உட்கார்ந்துட்டாரு. பனி உருகி தரையெல்லாம் தண்ணி... அழலை. கையுறையை மடியில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காரு... வேணாம், இப்போ போனைக் குடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருங்க.

...

என்ன, தடையா?... அதுவும் போயிடுச்சா? என்னைக்கிலேர்ந்து?... வெள்ளிக்கிழமை. வேட், தடையை எடுத்துட்டாங்களாம்... லைல், அப்போ சனிக்கிழமை பிரின் பெஞ்சுக்குப் பின்னால நிக்கலாமான்னு கேக்குறாரு... நிச்சயமா? எழுதிக் குடுப்பீங்களா?... நிக்கலாமாம், வேட்!... ம். இப்போதான் பூட்ஸைக் கழட்டுறாரு.

இன்னும் ஒரு சேதியா? உங்ககிட்ட இன்னைக்கு மூட்டையே இருக்கு போல... நட்பு ஆட்டமா? ரெண்டு லீக்கும் சேர்ந்தா?... டொரான்டோல... வேட்டைக் கூப்பிடுறாங்களா! எந்தப் பக்கம் ஆடணும்?... ஓ, ஆட இல்லையா... கோட்டு சூட்டுப் போட்டுக்கிட்டு, ஐஸ் நடுவுல நின்னு, முதல் வட்டைக் கீழே போடணும். சமாதானத்துக்கு அடையாளமா... கேக்குறேன், கேக்குறேன். வேட், நட்பு ஆட்டத்துல நீங்கதான் முதல் வட்டைக் கீழே போடணுமாம். போட்டுட்டு ஓரமா வந்துடணுமாம்...

லைல், வட்டு ஐஸ்ல விழுந்துட்டா அதை அடிக்காம திரும்பி நடக்கத் தன்னால முடியாதுங்குறாரு... இல்ல, ஜோக் இல்ல. அவரு முகத்தைப் பாத்துக்கிட்டுதான் சொல்றேன்.

ஆமா, கௌரவம்தான். ஆமா, ஆமா, டிவியில வரும்... என்னது, கையெழுத்தா? வட்டைக் கீழே போடுறதுக்கு ஒப்பந்தமா!... ரெண்டா?... லீக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா?... நாளைக்குள்ள வச்சாகணுமா?

நாளைக்கு எதுக்கு, லைல்? அவரு எதுக்கு? நானே வைக்கிறேன். இப்பவே வைக்கிறேன்... கையெழுத்தை இல்ல. போனை.