ஞாயிறு பன்னிரண்டரை மணி

— இல்ல அண்ணாச்சி, நான் கூப்பிட்டது உங்களை இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்க எங்க அண்ணன் கிளாட்வின. ஓவர்.

— நான் அசாம்ல ரயில்வேல இருக்கேன் தங்கச்சி. பேரு லிங்கேஸ்வரன், சொந்த ஊரு சோழபுரம். இங்க மாத்தலாகி வந்து போன வாரந்தான் ஹாம் ரேடியோவ மாட்டுனேன். நம்ம ஊருப் பேச்சு காதுல விழவும் மனசு கேக்கல. நீங்க எங்கேருந்து? ஓவர்.

— ராஜபாளையம். இவாஞ்சலின்.

— அட, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுனா அரைமணி நேரம். அண்ணனுக்கு ஒரு போனைப் போடுறது?

— என் நம்பரை பிளாக் பண்ணிருச்சு. சொல்லாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டேன்னு, இனி என் வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிருச்சு.

— அப்பிடியா சங்கதி. அதான் ரேடியோவா?

— முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்ததும், பன்னெண்டரை மணிக்கு நானும் அண்ணனும் இதே பிரீக்வென்சிலதான் உக்காருவோம். ஜப்பான்காரவுககூடப் பேசுவோம். அந்தப் பழக்கத்த அண்ணன் விட்டுருக்காதுன்னு ரெண்டு வருசமா கூப்பிடுதேன். இன்னைக்கும் பதில் இல்லன்னா செட்டை வித்துருவேன்.

— அவிய காதுல விழலையோ என்னமோ.

— அசாமுக்கே கேக்குது, பன்னெண்டு கிலோமீட்டர் கேக்காதா? கேட்டுக்கிட்டுத்தான் கல்லு மாதிரி உக்காந்திருக்கு.

— கேக்காது தங்கச்சி. இந்த அலை மேல போயி, வானத்துல ரொம்ப ஒசரத்துல வளைஞ்சு, ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளித்தான் எறங்கும். நீங்க அடுத்த தெரு மாடிக்குக் கல்லெறிஞ்சா நடுவுல நிக்கவன் மேல விழுமா?

— தரையோட போற அலை?

— அது கொஞ்ச தூரந்தான் போகும். மலை எதும் மறிச்சா அதுவும் இல்ல.

— எங்க வீட்டுக்கு எதுக்கவே, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்த மறிச்சு சஞ்சீவி மலை.

— பொறவு என்ன?

— ஒரே வீட்டுல இருந்தவுக, ஒருத்தர ஒருத்தர் ரேடியோவுல கூப்பிட்டதே இல்லையே அண்ணாச்சி. இது எனக்குத் தோணவே இல்ல. அப்ப அண்ணன் வேணும்னு சும்மா இருக்கலையா?

— செத்த நேரம் பேசுற பட்டனை விடுங்க. உங்க சத்தத்துக்கு அடியில ஒரு ஆம்பளக் குரல் வருது. எனக்கு விழும், உங்களுக்கு விழாது.

— விட்டுட்டுத்தான் இருந்தேன். இங்க வெறும் இரைச்சல். யாரு அண்ணாச்சி?

— கிளாட்வினாம். ரெண்டு வருசமா ஞாயிறு தவறாம உங்களத்தான் கூப்பிடுதாராம். தங்கச்சிக்கு எம்மேல இன்னும் கோவம் தீரலையான்னு கேக்காரு.