டிரம்காரன் பிழைத்துக்கொண்டான்

"ஏம்மா, படம் பிடிக்கலையா? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, நீ மட்டும் உர்ருன்னு உட்கார்ந்திருக்கியே?" என்று படக்காரர் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

பழக்கமில்லாதவர்களிடம் எனக்குப் பேச வராது. உண்மையில் பிடித்ததால்தான் சிரிக்கவில்லை. சிரித்தால் கண் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் திரையில் ஏதாவது ஒன்று என்னைவிட்டுப் போய்விடும்.

எங்கள் ரப்பர் தோட்டம் கோலா பிலா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை படக்காரர் வேனில் வந்து திடலில் திரை கட்டுவார். பெரும்பாலும் சாமிப் படங்கள். எழுபத்தாறாம் வருஷம் ஒருநாள் பெட்டி மாறி, ஒரு மலாய்ப் படம் வந்துவிட்டது. முருகன் படம் பார்க்கக் குளித்துவிட்டு வந்திருந்த கிழவிகள் முணுமுணுத்தார்கள். கால் மணி நேரத்தில் அவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

நான்கு இளைஞர்கள், நீண்ட முடி, தரையைக் கூட்டும் கால்சட்டை. ராக் பாட்டுக்குழு. பாட இடம் கிடைக்காமல் ஊர் ஊராக ஓடுகிறார்கள். குளியல் தொட்டியில் ஆற்றைக் கடக்கிறார்கள். கிட்டார் கம்பியை ஆடு தின்றுவிடுகிறது. கல்யாண வீட்டில் பெண் வேஷம் போட்டு, மாப்பிள்ளையின் தாத்தாவிடம் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று பேர் ஓயாமல் பேசுவார்கள். நான்காவது ஆள், டிரம் அடிப்பவன், படம் முழுவதும் ஒரு வார்த்தை பேசமாட்டான். யார் என்ன கேட்டாலும் குச்சியால் தட்டித்தான் பதில் சொல்வான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாய் திறக்க முடியாமல்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். என்னைப் போல ஒருவனை ஊரே விரும்புவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கல்யாண வீட்டிலிருந்து தப்பும்போது அவன் கூரையிலிருந்து டிரம்மோடு கீழே விழுகிறான். ஆஸ்பத்திரி. மற்ற மூவரும் டாக்டர் உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். நிஜ டாக்டர் கத்தியைத் தூக்குகிறார். அப்போது திடலுக்கு, மூன்றாம் லயத்து வீடுகளிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து, கிழவர் சன்னாசி தவறிவிட்டார் என்றான்.

பிணம் கிடக்கும் தோட்டத்தில் படம் ஓடாது. அது எங்கள் வழக்கம், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் அண்ணன் அர்ச்சுனன் ஜெனரேட்டரை நிறுத்தினார். அதைக் கிளப்பவும் நிறுத்தவும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். திடல் இருட்டானது. எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு சன்னாசி வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அழவும் செய்தேன். டிரம்காரனுக்காக.

அதன் பிறகு ஒரு வருஷம் அந்தப் படத்தோடுதான் இருந்தேன். அதன் முடிவை நானே விதவிதமாக எழுதிப் பார்த்தேன். சிலவற்றில் அவன் பிழைத்தான், சிலவற்றில் செத்தான். எழுதியதைக் கேட்க ஓர் ஆள்தான் இருந்தார், என் அண்ணி மங்கம்மா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவர். பால்வெட்டுக்குப் போய் வந்த களைப்பிலும், வெங்காயம் உரித்தபடி கேட்பார்.

"இந்த வாட்டியும் சாவடிச்சிட்டியாடி? அவன் செத்துட்டா டிரம்ம யாரு அடிக்கிறது, உங்க அண்ணனா? பிழைச்சிருவான் லா."

எனக்காக அவர்தான் படக்காரரிடமும் கேட்டார். "முடிவ மட்டுமாவது சொல்லுங்கண்ணே, இது ராத்திரி தூங்க மாட்டேங்குது."

"முடிவச் சொல்லிட்டா அடுத்த வாட்டி எவன் வருவான்? கொண்டாரேன், கொண்டாரேன்" என்றார் அவர்.

அடுத்த வருஷம் கொண்டுவந்தார். அண்ணிக்கு அப்போது எட்டாம் மாதம்.

அன்று லயம் முழுவதும் திடலுக்குப் போய்விட்டது. எங்கள் வீடு கடைசி வீடு. நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். கைலியில் ரத்தம் இருந்தது.

"பஞ்சாலை, என்னமோ சரியில்லடி. ஓடிப் போய் டிரெசரக் கூட்டியா. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லு."

நான் ஓடினேன். இதில் பொய் இல்லை. டிரெசர் ராமகிருஷ்ணன் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்து மருந்துக்கூடம் அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்கு வேன் எடுப்பதும் அவர்தான். திரையில் நால்வரும் தொட்டியில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள். டிரெசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கையை நீட்டியிருந்தால் தோளில் பட்டிருக்கும்.

அங்கே நின்று நான் நிதானமாகத்தான் யோசித்தேன். சொன்னால் டிரெசர் எழுந்துவிடுவார். அண்ணனும் வேனில் போவார். போகும் முன் ஜெனரேட்டரை நிறுத்துவார். முந்நூறு பேர் இருட்டில் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைப்பேறு எல்லா வீட்டிலும் நடப்பதுதான், கொஞ்சம் பொறுக்கக்கூடியதுதான். இந்தப் படம் அப்படியல்ல, ஒரு வருஷம் கழித்து வந்தது. இப்போதும் இந்தக் கணக்கில் எனக்குப் பெரிய பிழை தெரியவில்லை.

திரும்பி வந்து, "சொல்லிட்டேன் அண்ணி. படம் முடிஞ்சதும் வர்றாராம்" என்றேன்.

"முடிஞ்சா?" என்றார் அண்ணி. மெல்லப் பாயில் சாய்ந்து படுத்தார். "சரி. ரொம்ப நேரம் ஆவாதுல்ல?"

"ஆவாது."

"அப்ப நீ போய்ப் பாருடி. இங்க குந்திக்கிட்டு என்னா பண்ணப் போற? வந்து எனக்கு முடிவச் சொல்லு."

போகச் சொன்னது அவர்தான். இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

படக்காரரிடம் ஒரே புரொஜெக்டர்தான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார். அப்படி ஒரு விளக்கு வெளிச்சத்தில் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார்.

"அண்ணி எங்க லா?"

"முதுகு வலியாம், படுத்திருக்காங்க."

"நல்ல படத்த விட்டுட்டாளே" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றப் போனார்.

கூரையிலிருந்து டிரம்காரன் விழுந்ததும் மறுபடி விளக்கு எரிந்தது. இனி கடைசி ரீல். நான் வீட்டுக்கு ஓடினேன். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் வாசல்வரை கேட்டது. அண்ணி கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். பாயைத் தாண்டித் தரை நனைந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. உயிர் இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. நான் டிரெசர் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைக்கவும் முடிந்தது. நான் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால், சன்னாசி தவறிய அன்று நடந்ததுதான் மறுபடி நடந்திருக்கும். அதே இடத்தில், அதே கத்தி தூக்கும் இடத்தில்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

டிரம்காரன் பிழைத்துக்கொண்டான். டாக்டரின் கத்தியைப் பிடுங்கி மருந்துத் தட்டில் தாளம் போட்டான். மற்றவர்கள் பாட, கட்டிலில் கிடந்த நோயாளிகள் ஒவ்வொருவராக எழுந்து ஆடினார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். டிரெசரும் சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.

பிறகு வீட்டுக்குப் போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னபடி முடிவைச் சொன்னேன். அவசரப்படவில்லை. தாளம் வரும் இடத்தில் பிஸ்கட் டின்னில் தட்டியும் காட்டினேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வெளியே வந்து கத்தினேன்.

டிரெசர் வந்து பார்த்துவிட்டு வெளியே நின்றார். "நான் அங்கதானம்மா இருந்தேன். படம் ஆரம்பிக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…" என்று நிறுத்திக்கொண்டார். எல்லோரும் அண்ணியைப் பற்றியே பேசினார்கள். பிள்ளை ஆண் பிள்ளை. அதுவும் பிழைக்கவில்லை.

வலி திடீரென்று வந்துவிட்டது, யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்றுதான் தோட்டம் நம்பியது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பேசாத பெண் என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன்தான் தேறவில்லை. வேலையிலிருந்து வந்தால் படியில் உட்கார்ந்துகொள்வார். "முதுகு வலின்னு கேட்டேனே, ஒரு எட்டு வந்து பாக்கலையே நானு. மிசினுக்கு எண்ண ஊத்திக்கிட்டு நின்னேனே" என்பார். மாதக்கணக்கில் இதே பேச்சு. ஜெனரேட்டரைத் தொடமாட்டேன் என்று தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் சொல்லிவிட்டார். அதனால் படக்காரரும் வருவதில்லை. பிள்ளைகளெல்லாம் ஏங்கிப்போனார்கள்.

யாராவது அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. போன வியாழக்கிழமை சோறு போட்டுவிட்டு, எனக்கு வராத பேச்சை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. உங்களுக்குத் தெரியாது. அண்ணி டிரெசரக் கூட்டியாரச் சொன்னாங்க, உங்ககிட்டயும் சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல. படம் நின்னுடுமேன்னு சொல்லல. கடைசி ரீலுக்கு முன்னாடி வந்தும் பாத்தேன், அப்பவும் சொல்லல. நீங்க எதுக்குப் போட்டு மனச வதைச்சிக்கிறீங்க? இந்த மாசம் படத்துக்கு வரச் சொல்லலாமாண்ணே?"

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். பாரம் இறங்கிய முகம் என்றுதான் எனக்குத் தோன்றியது. கை கழுவவில்லை. எழுந்தார், ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கிப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை.